மறுபயன்பாட்டு மதிப்பெண் விரிதாள்

மறுபயன்பாட்டு மதிப்பெண் விரிதாள் என்பது ஒரு பாடத்தின் மதிப்பீட்டு விதிகளை ஒரு முறை அமைத்துவிட்டு, ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் பெயர்களையும் மதிப்பெண்களையும் மட்டும் மாற்றிப் பயன்படுத்தும் கணக்குத்தாள் ஆகும். லிப்ரெஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ், எக்செல் ஆகிய எதிலும் இதை அமைக்கலாம்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில் இம்முறை புதிதன்று. நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி ஆகியவற்றைத் தனித்தனிக் கலங்களில் எழுதி ஒரு உருப்படியின் அடக்கவிலையைக் கணக்கிடுவர். நூல் விலை ஏறினால் அந்த ஒரு கலத்தை மாற்றினால் போதும். மதிப்பெண் தாளிலும் விழுக்காடுகளை வாய்பாட்டுக்குள் புதைக்காமல் 'விதிகள்' என்ற தனித்தாளில் வைக்க வேண்டும்.

ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களை எடுத்துக்கொள்வோம். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75 மதிப்பெண் என்பது பொதுவிதி (நிரலாக்கப் பாடங்களில் மாறுபடும்). சான்றிதழ் பெற ஒப்படைப்பில் 25-க்கு 10-உம், தேர்வில் 75-க்கு 30-உம் தனித்தனியே வேண்டும்.

சிறந்த எட்டைத் தேர்ந்தெடுக்க 'லார்ஜ்', சராசரிக்கு 'ஆவரேஜ்', இரு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்க்க 'இஃப்', 'அண்ட்' ஆகிய சார்புகள் உதவும். ஒரு மாணவரின் எட்டு மதிப்பெண்களின் கூடுதல் 620 எனில் சராசரி 77.5; அதில் கால் பங்கு 19.375. தேர்வில் நூற்றுக்கு 38 எனில் 28.5. மொத்தம் 47.875. மொத்தத்தை மட்டும் பார்க்கும் தாள் இவரைத் தேர்ச்சி என்று காட்டும். ஆனால் தேர்வில் 30 எட்டாததால் சான்றிதழ் கிடையாது.

வெற்றுக்கலம் இதைவிட ஆபத்தானது. 'ஆவரேஜ்' சார்பு வெற்றுக்கலங்களைக் கணக்கில் கொள்ளாது. மூன்றே ஒப்படைப்புகள் அனுப்பி ஒவ்வொன்றிலும் 90 பெற்றவருக்கு, அது சராசரி 90 என்றும் 25-க்கு 22.5 என்றும் காட்டிவிடும். உண்மையில் 270-ஐ எட்டால் வகுத்தால் 33.75, அதாவது 25-க்கு 8.44 மட்டுமே. 'லார்ஜ்' பயன்படுத்தினாலோ, எட்டுக்குக் குறைவான எண்கள் இருந்தால் பிழைக்குறி வரும். ஆகவே அனுப்பாத வாரத்துக்குப் பூச்சியம் இடுவது கட்டாயம். தாளை நம்பித் தேர்வுக் கட்டணம் கட்டிய மாணவர் ஒரு பருவத்தையே இழக்க நேரிடலாம். 2021 பல்கலைக்கழக மானியக்குழு விதிப்படி, ஒரு பருவத்தில் ஒரு படிப்பின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் வழியே அனுமதிக்கப்படலாம் என்பதால் இந்த இழப்பு சிறியதன்று.

கலத்தில் 10 என்று தெரிவது உள்ளே 9.6 ஆகவும் இருக்கலாம். எனவே இரண்டு தசமம் தெரியுமாறு வைப்பது நல்லது.

புதிய பருவத்துக்கு மூலத்தாளை நகலெடுத்து, மதிப்பெண் கலங்களை மட்டும் அழிக்க வேண்டும். வாய்பாட்டுக் கலங்களைப் பூட்டிவிடலாம். பெயர் சேர்க்குமுன், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கற்பனை மாணவரின் எண்களை இட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்; மேற்கண்ட 47.875 அதற்குப் போதும்.