மரம் செதுக்க எந்தக் கத்தி?

புத்தூரிலிருந்து திருப்பதி போகிறவர்கள் அங்கே மரப்பாச்சி பொம்மைகளைப் பார்த்திருப்பார்கள். திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடையே மாதவமாலா என்ற ஊர் இருக்கிறது. இங்கே பல குடும்பங்கள் மரத்தில் சாமி சிலைகள் செதுக்குகின்றன. உளியும் கத்தியும்தான் இவர்களுக்குச் சோறு போடுகின்றன.

நீங்களும் சின்ன பொம்மை செதுக்கப் பழகலாம். அதற்கு விலை உயர்ந்த கத்தி தேவையில்லை. பார்த்து வாங்கினால் போதும்.

அலகு மூன்று அங்குலம் இருக்கட்டும். நீண்ட கத்தி கைக்கு அடங்காது. பிடி உள்ளங்கை நிறைய இருக்க வேண்டும். ஆட்டிப் பாருங்கள். அலகு அசைந்தால் வாங்காதீர்கள். மடக்குக் கத்தி வேண்டாம். அழுத்தும்போது விரல் மேல் மடங்கிவிடலாம்.

மெல்லிய தகட்டுக் கத்தி காய் நறுக்கத்தான் உதவும். மரத்தில் வளைந்துவிடும். கொல்லுப் பட்டறையில் கேளுங்கள். பழைய லாரி வில்பட்டையில் அடித்த கத்தி உறுதியானது. தீட்டினால் நன்றாகக் கூர் ஏறும். ஆனால் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

மழுங்கிய கத்தி கையை வெட்டாது என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால் வழுக்கும். வழுக்கினால் கையில் படும். ஆகவே சாணைக்கல் ஒன்றும் வாங்குங்கள்.

பழகுவதற்கு மென்மையான மரம் எடுங்கள். வெட்பாலை நல்லது. சன்னபட்டணம் பொம்மைகளை இந்த மரத்தில்தான் செய்கிறார்கள். செம்மரம் கடினமானது. காட்டில் அதை வெட்டுவது குற்றம்.

கத்தியை உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிச் செதுக்குங்கள். கத்தி போகும் வழியில் விரலை வைக்காதீர்கள். கை நன்றாக இருந்தால்தான் தொழில் நடக்கும்.