வனத்துக்குள் யாருடைய சக்கரம்?

மடத்துக்குளத்து வயல்வெளியில் நின்று தெற்கே நோக்கினால் நீலமாகத் தெரிகிற மலைகளின் வழியே பாம்பாறும் சின்னாறும் தேனாறும் இறங்கிவந்து, 1957-இல் கட்டிமுடிக்கப்பட்ட அமராவதி அணையில் தங்கி, பிறகு நம் நெல்லுக்கும் கரும்புக்கும் குடிதண்ணீருக்கும் ஆதாரமாகின்றன. ஆகையால், அந்தக் காட்டுக்குள் யாருடைய வாகனம் எதற்காகப் போகலாம் என்கிற விவாதத்தைச் சுற்றுலாப் பிரயாணிகளுக்கும் வனத்துறைக்கும் இடையிலான வழக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆற்றங்கரைக்காரர்களாகிய நமக்கும் அதில் பாத்தியதை உண்டு.

உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலை, ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது. மாநில எல்லைக்கு அப்பால் கேரளத்தின் சின்னார் சரணாலயம். பனியன் கம்பெனிகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், வாரமெல்லாம் நூலோடும் தையல் மெஷினோடும் உழைத்த இளைஞர்கள் பைக்குகளில் இவ்வழியே கிளம்புகிறார்கள். அவர்களுடைய உல்லாசத்தை நான் குறை கூறமாட்டேன். தார்ச்சாலையோடு போய் அவ்வாறே திரும்புகிறவர்களால் விவாதம் எழவில்லை. ‘ஆஃப் ரோடு’ என்னும் சாகச மோகத்தால், சாலையை விட்டிறங்கிக் காட்டுத் தடத்திலும் ஆற்றுப்படுகையிலும் வண்டியை விடுகிற சிலரால்தான் அது எழுகிறது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதை 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

ஒரு ஜீப் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கனத்த டயர் ஈரமண்ணின் மீது ஏறுகையில், நீரும் காற்றும் புகுவதற்கென்று மண்ணில் உள்ள நுண்ணிய துவாரங்கள் நசுங்கிவிடுகின்றன. அதன்பின் பெய்கிற மழை உள்ளே இறங்க வழியின்றி, சக்கரத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு சரிவில் விரைந்து, மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடையில் சேர்கிறது. தடம் பள்ளமாகிவிட்டதென்று அடுத்து வருகிறவர் அதன் ஓரமாக ஓட்டுவார். அதுவும் பள்ளமானால் இன்னும் சற்றுத் தள்ளி. ஓடைக்கரை மருத மரங்களை நம்பிச் சாம்பல் நிற அணிலும், வறண்ட முட்புதர்களை நம்பி நட்சத்திர ஆமையும் இப்பிரதேசத்தில் ஜீவிக்கின்றன. கோடையில் அணைத் தண்ணீரைத் தேடி யானைக் கூட்டங்கள் அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். இறங்குகிற வழியில் ஓர் எஞ்சின் உறுமினால், குட்டியோடு வந்த யானை தாகத்தோடு திரும்பும், இல்லையேல் துரத்தும்.

இவ்விவாதம் நமக்கு மட்டும் உரியதன்று. நம் சட்டம் பிறந்த அதே 1972-இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், அரசாங்க நிலங்களில் இத்தகைய வாகனங்கள் எங்கே போகலாம், எங்கே போகலாகாது என்று வரையறுத்தாக வேண்டுமென உத்தரவிட்டார்; சேதம் கண்ட இடத்தை உடனே மூடிவிடலாமென்று 1977-இல் கார்ட்டர் அதைக் கடுமையாக்கினார். பொதுநிலம் எல்லோருக்கும் சொந்தமாயிற்றே, என் வண்டி மட்டும் ஏன் போகக்கூடாது என்ற வாதம் அங்கே இன்றும் ஓயவில்லை. நமக்குப் பக்கத்தில், 2025 ஜூலையில், விபத்துகளை முன்னிட்டுக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்குத் தடை விதித்தபோது, அதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஓட்டுநர்கள் இனி எப்படிப் பிழைப்பது என்று தவித்தார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை, தகுதி சோதிக்கப்பட்ட வண்டிகளும் வரையறுத்த பாதைகளுமே தவிர, வரம்பற்ற அனுமதி அன்று.

இவ்விஷயத்தில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. இம்மலைகளில் உள்ள தளிஞ்சி, மஞ்சம்பட்டி, குழிப்பட்டி, குருமலை முதலிய குடியிருப்புகளில் புலையரும் முதுவரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும் காய்ச்சலில் கிடக்கும் முதியவரையும் மூங்கில் கழியில் தொட்டில் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றி மைல் கணக்கில் சுமந்து இறங்கியவர்கள் அவர்கள். உல்லாசத்துக்கு வருகிறவருடைய ஜீப்பையும் உயிர் காக்க வருகிற ஜீப்பையும் ‘வனத்துக்குள் வாகனம்’ என்னும் ஒரே வாக்கியத்தில் அடைத்து ஒரே தராசில் நிறுப்பது அநீதி. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இந்த பேதத்தை உணர்ந்தே இயற்றப்பட்டது: கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை முதலியவற்றை அமைக்க அது இடம் தருகிறது.

சாலை போட்டால் அதன் வழியே சுற்றுலா வண்டிகளும் ஏறிவிடும் என்று வனத்தை நேசிக்கிறவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று; எனினும் அதற்குரிய விலையை மலைவாசிகளின் தோள்கள் கொடுக்கும்படி விடலாகாது. பாதையின் அடிவாரத்தில் ஒரு கேட் போட்டு, ஆம்புலன்ஸையும், ரேஷன் அரிசி ஏற்றிய வண்டியையும், குடியிருப்புக்காரர்களின் வண்டிகளையும் விட்டு, மற்றவற்றைத் திருப்பியனுப்பலாம். இதே காப்பகத்தின் டாப்சிலிப்பில் வனத்துறையே தன் வாகனங்களில் பிரயாணிகளை அழைத்துச் சென்று காட்டைக் காண்பிக்கிறது. சின்னாரில் மலைவாசிகளே வழிகாட்டிகளாக நடத்திச் செல்கிறார்கள். அமராவதிப் பக்கத்திலும் அவ்வாறே செய்து, அதில் வரும் வேலையையும் கூலியையும், அந்தக் கேட்டின் காவலையும் தளிஞ்சிக்காரர்களிடமும் குருமலைக்காரர்களிடமும் ஒப்படைக்க வேண்டும்.