விரலுக்குத் தகுந்த ரிவால்வர்

"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. வரவுக்கேற்ற செலவைப் பற்றிய பழமொழி அது. துப்பாக்கிக்கும் அது பொருந்தும் என்பது, எங்கள் என்.சி.சி. வகுப்பில் எழுந்த ஒரு கேள்விக்கு விடை தேடியபோது எங்களுக்கு விளங்கியது. ".22 தோட்டாவில் சுடப் பழகிய ஒரு பெண், அடுத்து அதைவிடப் பெரிய ரிவால்வர் வாங்க நினைத்தால் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?" என்பதே அக்கேள்வி. கன்னியர் மடப் பள்ளியில் துப்பாக்கிப் பேச்சா என்று பெற்றோர் திகைக்க வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். என்.சி.சி. மாணவிகள் குப்புறப் படுத்துச் சுடும் ரைபிளின் தோட்டா .22 வகை. அதாவது, அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு அகலம். இதை 'ரிம் ஃபயர்' என்பார்கள். பித்தளைக் குப்பியின் அடிவிளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து வளையம்போல் பரவியிருக்கும். துப்பாக்கியின் சுத்தியல் அந்த விளிம்பை நசுக்கியதும் பொறி எழுந்து வெடிமருந்து எரிகிறது. விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இத்தோட்டா சிறியதாகவே நின்றுவிட்டது. விலை குறைவு, அதிர்வும் குறைவு என்பதால் பழகுவோருக்கு இதுவே நல்லது.

'சென்டர் ஃபயர்' தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து, அடிப்பாகத்தின் நடுவில் தனிச் சிறு கிண்ணத்தில் இருக்கும். ஆகவே குப்பியைத் தடிமனாகச் செய்யலாம், வலிமையும் கூடும். நம் நாட்டில் .38, 9 மி.மீ. போன்றவை பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. சாதாரண உரிமத்தில் வாங்கக்கூடிய ரிவால்வர் பெரும்பாலும் .32 தான்.

2012 டிசம்பரில் தில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அதன்பின் 2014-இல் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை, பெண்களுக்கென்று ஒரு .32 ரிவால்வரை வெளியிட்டது. பெயர் 'நிர்பீக்', 'அஞ்சாத' என்று பொருள். எடை சுமார் 500 கிராம். கைப்பையில் அடங்கும். அப்போது விலையோ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்! இலேசான துப்பாக்கிதானே பெண்களுக்கு எளிது என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம். பௌதிகப் பாடம் வேறு விதமாகச் சொல்கிறது.

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். இரண்டின் உந்தமும் சமம். .22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம்; ரிவால்வரிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் பாயும். .32 குண்டு சுமார் 6.3 கிராம், வேகம் ஏறத்தாழ 220 மீட்டர். இதைக் கொண்டு நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ எடையுள்ள .22 ரிவால்வரில் பழகியவர், ஒரு கிலோ .32-க்கு மாறினால் உதையின் ஆற்றல் மூன்று மடங்காகும். அரைக் கிலோ .32-க்கு மாறினாலோ ஆறு மடங்கு! கைப்பைக்கு எளிதானது கைக்குக் கடினம்.

அதனால் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று எடை: சற்றுக் கனமான, நீண்ட குழலுள்ளதே நிலையாக நிற்கும். இரண்டு பிடி: கையைத் திருகாமலே சுட்டுவிரல் விசையை எட்ட வேண்டும். மூன்று விசை: சுத்தியலைக் கட்டைவிரலால் முன்பே இழுத்து வைத்தால் விசை இலேசாக இருக்கும். அப்படி வைக்காவிட்டால், உருளையைச் சுழற்றுவது, சுத்தியலைத் தூக்குவது, விடுவிப்பது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே விரல் செய்ய வேண்டும். இலேசான ரிவால்வர் இந்த இழுப்பிலேயே ஆடிவிடும். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவர் பெரிய தோட்டாவால் பெறும் பயன் ஒன்றுமில்லை. பெரியதை வாங்கிய பின்னும் பழைய .22-ஐ விட்டுவிடாமல் பழகுவதே நல்லது.

.22 சிறுபிள்ளை விளையாட்டு என்றும் எண்ண வேண்டாம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டி .22-இல்தான் நடக்கிறது. 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் அதில் நான்காம் இடம் பெற்றார். அவருடைய பயிற்சியாளர் ஜஸ்பால் ராணா, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் சென்டர் ஃபயர் பிஸ்டலில் 600-க்கு 590 எடுத்துத் தங்கம் வென்றவர்.

"ஏரிச்சாலையில் காட்டுமாடு வந்தால் இது உதவுமா, அக்கா?" என்று எங்கள் தங்கைமார் கேட்டனர். உதவாது! ஆயிரம் கிலோ வரை வளரும் அந்தப் பிராணியை .32 குண்டு கோபமூட்டவே செய்யும். மேலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. வழிவிட்டு ஒதுங்குவதே நமக்கு அழகு.

இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு நம் நாட்டில் துப்பாக்கி உரிமம் கிடையாது. எங்களுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் உள்ளன. அதற்குள் நாங்கள் கற்க வேண்டியது, குழலை எப்போதும் இலக்கின் பக்கமே வைப்பது, சுடும் கணம் வரை விரலை விசையில் வைக்காதது, மூச்சை அடக்குவது. பெண்கள் அஞ்சாமல் நடக்கும் தெருக்கள் வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை. அதைக் கைப்பைக்குள் வைத்து விற்க முடியாது என்பதே நாங்கள் கண்ட முடிவு. துப்பாக்கியைப் படித்ததனால்தான் இதைத் துணிந்து சொல்கிறோம்.