அந்தத் தோணி எந்த ஊர்?

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் திரும்பும்போது ஹைவே ஓரம் ஒரு ஹோட்டல்ல சாப்பிட நிறுத்தினேன். வாசல்ல ஒரு மரத்தோணி. ஒரே அடிமரத்தைக் குடைஞ்சு செஞ்சது. உள்ளே மண் போட்டு செடி வெச்சிருந்தாங்க.

"முந்நூறு வருஷப் பழசு தம்பி" என்றார் ஓனர்.

"யாருண்ணே சொன்னது?"

"வித்தவருதான். அடுத்த வாரம் இழைச்சு பாலிஷ் போடப் போறேன்."

அந்த பாலிஷ்தான் எனக்கு உறுத்துச்சு. ஏன்னு சொல்றேன்.

முதல்ல, இது நம்ம பக்கத்து ஆள் இல்லைன்னு தோணுது. ஒகேனக்கல்ல காவிரியில ஓடுறது மூங்கில் பின்னிய வட்டப் பரிசல். அப்போ இது எங்கிருந்து வந்தது? மரத்துல சின்னச் சீவல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உள்ளே இருக்கும் துளைகளின் அமைப்பை வைத்து மரவகையைச் சொல்லலாம். அயினி மரம்னா மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் தேடலாம். ஆனா மரமும் லாரி ஏறும். அதனால இது துப்பு மட்டும்தான்.

வயசு? கார்பன்-14 இருக்கேன்னு கேப்பீங்க. அதன் அளவு 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆனா அது சொல்வது அந்த மரவளையம் வளர்ந்த காலத்தை. தோணி செஞ்ச நாளை இல்லை. இன்னொரு சிக்கல்: சுமார் 1650 முதல் 1950 வரை காற்றில் அதன் அளவு ஏறி இறங்கியிருக்கு. ஒரே அளவீடு பல வருஷங்களுக்குப் பொருந்தும். ஓனர் சொன்ன வயசு சரியா அந்தக் குழப்பத்துக்குள்ளதான் விழுது.

இப்போ கேரளாவின் பட்டணம் ஊருக்கு வருவோம். பழைய முசிறி இதுதான்னு பல ஆய்வாளர்கள் கருதும் இடம். 2007-ல் கேரள வரலாற்று ஆய்வு கவுன்சில் அங்கே தோண்டியபோது சுமார் 6 மீட்டர் தோணி கிடைச்சது. அயினி மரம். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்கிறார்கள். எப்படி அவ்வளவு தைரியமா சொல்றாங்க? கார்பன் மட்டும் இல்லை. பக்கத்திலேயே செங்கல் படகுத்துறை, படகு கட்டும் மரக்கட்டைகள். அதே அகழாய்வில் மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் துண்டுகள். இருந்த இடத்திலேயே இருந்ததால மண்ணும் சாட்சி சொல்லுச்சு.

நம்ம ஹோட்டல் தோணி, கமிட் ஹிஸ்டரி அழிஞ்ச ரெப்போ மாதிரி. மிச்சம் இருக்கும் சாட்சி அதன் உடம்புதான்: வாச்சி செதுக்கிய தடம், ஒட்டுப்போட்ட இடம், ஆணி, கயிறு கட்டிய துளை. இழைச்சா அதுல பாதி போயிடும்.

இதையெல்லாம் ஓனர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் தோணியையே பார்த்தார். "சரி தம்பி, பாலிஷ் வேணாம். வித்தவரு நம்பர் தரட்டுமா?"

வாங்கிட்டேன். இன்னும் யாரும் எடுக்கல.

உங்க வீட்டுல பழைய பொருள் இருந்தா, எங்கிருந்து வந்ததுன்னு பாட்டிகிட்ட இன்னிக்கே கேட்டு ஒரு தாள்ல எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!