ஊருக்கு ஒரு பேருந்து



நான் இப்போது குடியிருப்பது சென்னைக்கு மேற்கே உள்ள முகப்பேரில். ‘மகப்பேறு’ என்னும் சொல்லே முகப்பேர் என மருவிற்று என்று இவ்வூரார் கூறுவர். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த இவ்வூர், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்த பின்னர் நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. இங்கே பேருந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் ஆசிரியப் பணி ஆற்றிய ஊர் ஒன்று பூவிருந்தவல்லிக்கு மேற்கே, நெடுஞ்சாலையிலிருந்து விலகி உள்ளே கிடந்தது. அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன்.

எங்கள் பள்ளி மாலை நாலேகாலுக்கு முடியும். நாலரைக்கு ஒரு பேருந்து வரும். பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் அதில் ஏறி வீடு திரும்புவர். ஓராண்டு, அந்தப் பேருந்தின் நேரம் நாலு மணிக்கு மாற்றப்பட்டது. பிள்ளைகள் ஐந்து கிலோமீட்டர் நடக்கலாயினர். மழைக்காலம் வந்ததும் மாணவிகள் இருவர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டனர். நான் உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். ‘அவ்வழித்தடத்தில் பேருந்துச் சேவை ஏற்கெனவே உள்ளது’ என்று மறுமொழி வந்தது. அதில் பொய்யில்லை, பேருந்து ஓடத்தான் செய்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அது இல்லாமற் போயிற்று.

ஏட்டில் சேவை இருப்பது ஒன்று. வேண்டிய வேளையில் வண்டி வருவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதுதான் வழித்தட உரிமச் சீர்திருத்தம் என்பது. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிகளைச் சட்டம் இருவகையாகப் பிரிக்கிறது. ஒன்று, முழு வண்டியையும் ஒருவர் பேசி அமர்த்திக்கொள்வது. இது ஒப்பந்த வண்டி. மற்றொன்று, குறித்த பாதையில் இடையிடையே நின்று, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கட்டணம் பெற்று ஏற்றி இறக்குவது. நாம் ஏறும் பேருந்து இவ்வகையைச் சேர்ந்தது. இதற்குப் ‘பர்மிட்’ எனப்படும் வழித்தட உரிமம் வேண்டும். வண்டி எங்கே புறப்பட்டு எங்கே முடிய வேண்டும், நாளொன்றுக்கு எத்தனை நடை ஓட வேண்டும், எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்பனவற்றை அவ்வுரிமத்தில் நிபந்தனைகளாக விதிக்கலாம்.

உரிமம் எதற்கு, விரும்பியவர் விரும்பியபடி ஓட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1910-களில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் தென்மாவட்டங்களில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். 1920-இல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு வண்டியுடன் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். இவர்கள் நேரந்தவறாமைக்குப் பெயர் பெற்றவர்கள். ஆயினும் எல்லாரும் அவ்வாறில்லை. கூட்டம் மிகுந்த சாலையில் பல வண்டிகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. கூட்டம் இல்லாத சாலைக்கு வண்டியே போகவில்லை. இரயில்வேயும் தன் வருவாய் குறைகிறதென்று முறையிட்டது. இந்நிலையில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. உரிமம் தருமுன் பொதுமக்கள் நலன், ஏற்கெனவே உள்ள சேவை போதுமா என்பது, சாலையின் நிலை முதலியவற்றை அதிகாரிகள் ஆராய வேண்டும் என்று அது விதித்தது. அதே பாதையில் முன்பே வண்டி ஓட்டுபவர் புதியவருக்கு எதிராக மறுப்புரைக்கவும் இடம் தந்தது.

நல்ல நோக்கம்தான். ஆனால் உரிமங்கள் அளவோடு இருந்தமையால் ஒவ்வோர் உரிமமும் ஒரு சொத்தைப் போல ஆயிற்று. ஒரு தடத்துக்குப் பலர் விண்ணப்பித்தால் யாருக்குத் தருவது? சென்னை மாநில அரசு 1956 ஏப்ரலில் ஓர் ஆணை பிறப்பித்தது. பள்ளித் தேர்வைப் போல விண்ணப்பதாரருக்கு மதிப்பெண் இடும் முறை அது. பழுதுபார்க்கும் பட்டறை உண்டா, தடத்தின்மேல் குடியிருக்கிறாரா, முன் அனுபவம் உண்டா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் தரப்பட்டது. 1964-இல் உச்ச நீதிமன்றம், இராசகோபால நாயுடு என்பார் தொடுத்த வழக்கில், இவ்வாணை செல்லாதென்று தீர்ப்பளித்தது. உரிமம் வழங்குவோர் நீதிபதியைப் போல இருதரப்பையும் கேட்டு முடிவு செய்ய வேண்டியவர். அவர் இன்னவாறுதான் முடிவு செய்ய வேண்டும் என்று அரசு முன்கூட்டியே கையைக் கட்டலாகாது என்பது அதன் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மதிப்பெண் பெற்றவர் பேருந்து உரிமையாளர். அந்தத் தடத்தில் உள்ள ஊர்களுக்கு யார் மதிப்பெண் இட்டார்? எந்த ஊருக்கு வண்டி மிகத் தேவை என்று யார் வரிசைப்படுத்தினார்? வழக்குகள் பெரும்பாலும் ‘யாருக்கு உரிமம்’ என்பது பற்றியே எழுந்தன. ‘எவ்வூருக்கு வண்டி’ என்பதை எழுப்ப ஆளில்லை. நிழற்குடையில் நிற்பவருக்கு வழக்குரைஞர் ஏது?

இந்தக் குறையைப் போக்க அரசே பேருந்து ஓட்டுவது என்னும் வழி கையாளப்பட்டது. சென்னை நகரில் 1947-இல் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 1971-இல் பெரும் பேருந்து நிறுவனங்களின் வண்டிகளை அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. 1972 முதல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் எனப் பெயர் தாங்கிய போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. 1997-இல் அப்பெயர்கள் நீக்கப்பட்டு, மாவட்டங்களில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றும், சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் என்றும் ஆயின. அரசுப் பேருந்து பல சிற்றூர்களுக்கு முதன்முதலாகச் சென்றது இக்காலத்தில்தான்.

நட்டம் வந்தும் அவ்வாறு செல்ல எப்படி இயன்றது? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நடைக்கு 600 ரூபாய் செலவு, ஆளுக்குக் கட்டணம் 10 ரூபாய் என்று கொள்க. நெடுஞ்சாலையில் ஒரு நடையில் 90 பேர் ஏறி இறங்கினால் வரவு 900, மிச்சம் 300. சிற்றூர்த் தடத்தில் 20 பேர் மட்டும் ஏறினால் வரவு 200; நட்டம் 400. ஆகவே நெடுஞ்சாலையில் ஓடும் 4 நடைகளின் மிச்சம், சிற்றூருக்கு ஓடும் 3 நடைகளின் நட்டத்தை ஈடு செய்யும். நெடுஞ்சாலைத் தடம் ஒருவர் கையிலும் சிற்றூர்த் தடம் மற்றொருவர் கையிலும் இருந்தால் இந்த ஈடு நிகழாது. நெடுஞ்சாலைத் தடம் வைத்திருப்பவர் மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மற்றவர் வண்டியை நிறுத்திவிடுவார். ஒருவரிடமே இரண்டும் இருந்தாலும், டீசல் விலை ஏறிக் கட்டணம் ஏறாமல் இருக்கும்போது முதலில் வெட்டப்படுவது சிற்றூர் நடைதான். எங்கள் பள்ளிக்கு நேர்ந்ததும் இதுபோன்றதே. நாலு மணி வண்டிக்குத் தொழிற்சாலைக் கூட்டம் கிடைத்தது. நாலரை மணி வண்டிக்குப் பிள்ளைகள் மட்டுமே கிடைத்தனர்.

பெரிய வண்டி செல்ல இயலாத இடத்துக்குச் சிறிய வண்டி செல்லட்டும் என்பது அடுத்த எண்ணம். 1997-இல் தமிழ்நாட்டில் சிற்றுந்துத் திட்டம், அதாவது ‘மினிபஸ்’ திட்டம், வகுக்கப்பட்டது. தனியார் ஓட்டலாம், தடத்தின் நீளம் 20 கிலோமீட்டருக்கு மிகலாகாது, அதில் பிற பேருந்துகள் ஓடும் சாலையில் 4 கிலோமீட்டர் வரையே செல்லலாம் என்னும் வரம்பு நெடுங்காலம் இருந்தது. பெரிய பேருந்தின் வருவாயைச் சிற்றுந்து பறித்துவிடலாகாது என்பதே இவ்வரம்பின் காரணம். ஆனால் சிற்றூர் மக்கள் செல்ல விரும்புவது எங்கே? சந்தைக்கு, மருத்துவமனைக்கு, கல்லூரிக்கு, இரயில் நிலையத்துக்கு. இவை 4 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், சிற்றுந்து அவர்களை நடுவழியில் இறக்கிவிடும். மறுவண்டிக்குக் காத்திருக்க விரும்பாதவர் இருசக்கர வண்டி வாங்கினர். வாங்க இயலாதவர் நடந்தனர். வருவாய் குறைந்த சிற்றுந்துகள் பல நின்றன.

இதனைத் திருத்த 2024 சூனில் புதிய விரிவான சிற்றுந்துத் திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டது; 2025-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தட நீளம் 25 கிலோமீட்டர் வரை. அதில் குறைந்தது 65 விழுக்காடு பேருந்துச் சேவை இல்லாத பாதையாக இருக்க வேண்டும். கணக்கிட்டால், முழு நீளத் தடத்தில் 16¼ கிலோமீட்டர் புதிய பாதை. எஞ்சிய 8¾ கிலோமீட்டர் பிற பேருந்துகள் ஓடும் சாலையில் செல்லலாம். முன்பிருந்த நாலு கிலோமீட்டரைப் போல இருமடங்குக்கு மேல் இது. நடுவழியில் இறக்கிவிடும் குறை இதனால் குறையும். ஒரு தடத்துக்குப் பலர் விண்ணப்பித்தால் குலுக்கல் முறையில் உரிமம் தருவது என்றும் முடிவாயிற்று. குலுக்கலில் பரிந்துரைக்கு இடமில்லை, அது நன்று. ஆனால் நேரந்தவறாமல் ஓட்டுபவரையும் தவறி ஓட்டுபவரையும் சீட்டு பிரித்தறியாது, அது குறை.

நம் முகப்பேர்ப் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. 2024-இன் வரைவில் அம்பத்தூர், வளசரவாக்கம் முதலிய சென்னைப் புறநகர் மண்டலங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. இதற்கு முன்பே, 2013-இல் மாநகர் போக்குவரத்துக் கழகம் சென்னையில் சிறிய பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. முகப்பேர், நொளம்பூர், அயனம்பாக்கம் ஆகிய இடங்களில் பெருஞ்சாலையை விட்டு உள்ளே போனால், நகரத்துக்குள்ளேயே ஒரு சிற்றூர்ச் சிக்கல் இருப்பதைக் காணலாம். அங்கே அந்த வெற்றிடத்தை நிரப்புவது ஷேர் ஆட்டோ. ஒப்பந்த வண்டியாக உரிமம் பெற்றுப் பேருந்தைப் போல ஆள் ஏற்றும் அதனைக் குறை சொல்வது எளிது. ஆனால் மக்களின் தேவையை ஏட்டைவிட முன்னதாகக் கண்டுகொண்டது அதுவே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிற நாடுகள் என்ன செய்தன? இலங்கையில் 1958-இல் பேருந்துகள் அனைத்தும் அரசுடைமையாக்கப்பட்டு, 1979-இல் தனியாருக்கு மீண்டும் வழிவிடப்பட்டது. இங்கிலாந்தில் 1930 முதல் தட உரிமம் இருந்தது. 1986-இல் இலண்டனைத் தவிரப் பிற பகுதிகளில் அது நீக்கப்பட்டது. இலண்டனிலோ தடங்களையும் நேரத்தையும் கட்டணத்தையும் பொது அமைப்பு வகுத்துத் தந்தது; ஓட்டும் வேலையை மட்டும் நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்தன. பல ஆண்டுகளுக்குப் பின் மான்செஸ்டர் வட்டாரமும் 2023 முதல் இலண்டன் முறையைப் போன்ற ஒன்றுக்குத் திரும்பியது. ஓட்டுபவர் அரசா தனியாரா என்பதைவிட, எங்கே எப்போது ஓட்ட வேண்டும் என்பதை யார் வகுக்கிறார், தவறினால் யார் கேட்கிறார் என்பதே முதன்மையானது என்று இதிலிருந்து அறிகிறோம்.

நம் சீர்திருத்தம் முழுமை பெற மூன்று வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, ஒரு சாலையைச் ‘சேவை உள்ளது’ என்று எழுதுமுன், எத்தனை நடை, எந்த வேளையில் என்று பார்க்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை வரும் வண்டியைச் சேவை என்பது, ஆண்டுக்கொருமுறை பெய்யும் மழையைப் பருவமழை என்பது போலாகும். இரண்டாவது, பள்ளி, மருத்துவமனை, முதல் இரயில், கடைசி இரயில் ஆகியவற்றின் நேரத்தோடு உரிமத்தின் கால அட்டவணை பொருந்த வேண்டும். மாற்ற விரும்புபவர் ஊராட்சியையும் பள்ளியையும் கேட்டே மாற்ற வேண்டும். மூன்றாவது, நட்டம் தரும் நடைக்குரிய தொகையை அரசு வெளிப்படையாகத் தர வேண்டும். 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அதற்குரிய தொகையை அரசு கழகங்களுக்கு அளிக்கிறது. 2025-இல் புதிய சிற்றுந்துத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சலுகை தனியார் சிற்றுந்துக்கு இல்லை. ஆகவே சிற்றுந்து மட்டுமே வரும் ஊரின் பெண், பேருந்து வரும் ஊரின் பெண்ணைவிட அப்போது அதிகம் செலவிட்டாள். பின்தங்கிய ஊருக்கே கூடுதல் செலவு என்பது முறையாகுமா?

மாணவர்களே, இதில் நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு வாரம் நில்லுங்கள். எத்தனை வண்டி எந்த நேரத்தில் வந்தது, எத்தனை பேர் ஏறினர், எத்தனை பேர் ஏற இடமின்றி நின்றனர், எத்தனை பேர் காத்திருந்து நடந்து போயினர் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். ஏறியவரைப் பயணச்சீட்டு கணக்கில் சேர்த்துவிடும். ஏறாதவரை எந்த ஏடும் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கைக் கிராம சபையில் படியுங்கள். படி ஒன்றை மாவட்ட ஆட்சித்தலைவருக்கு அனுப்புங்கள். அன்று நான் எழுதிய விண்ணப்பத்தில் வருத்தம் இருந்தது, எண்ணிக்கை இல்லை. இருந்திருந்தால் ‘சேவை உள்ளது’ என்ற ஒரு வரியால் அதனை மூடிவிட முடிந்திராது என்று இப்போது எண்ணுகிறேன்.

பள்ளியை விட்டு நின்ற அவ்விருவரின் இடங்கள் என் வகுப்பின் இரண்டாம் வரிசையில் அவ்வாண்டு முடியும்வரை வெறுமையாகவே இருந்தன. உங்கள் வகுப்பில் அப்படி ஓர் இடம் வெறுமையாக இருந்தால், அந்தப் பிள்ளையின் ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள்.