பாளையங்கோட்டைப் பெண்கள் உறைவிடமும் சாராள் தக்கர் கல்லூரியின் தோற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் மாணவியர் தாமே நிறுவிக்கொண்ட ‘சொராரிட்டி’ இல்லத்தோடு ஒப்பிட்டு, பாளையங்கோட்டையில் பெண்கள் உறைவிடம் கல்லூரிக்கு முற்பட்டதாக அமைந்ததன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெண்கல்வி, உறைவிடம், சாராள் தக்கர், பாளையங்கோட்டை, உடுவில், சமபந்தி

சொல்லும் பொருளும்

உடன்பிறந்தாள் எனப் பொருள்படும் ‘சொரோர்’ என்னும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது ‘சொராரிட்டி’. சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் 1874இல் தோன்றிய ‘காமா ஃபை பீட்டா’ என்னும் மாணவியர் சங்கத்திற்காக 1882இல் அங்கிருந்த இலத்தீன் பேராசிரியர் ஒருவர் இச்சொல்லைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். அதே வளாகத்தில் 1886இல் ‘ஆல்ஃபா ஃபை’ சங்கத்தார் தமக்கெனச் சொந்த இல்லம் எழுப்பினர். ஆடவர்க்கென அமைந்த பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோதும் அவர்கள் தங்குவதற்குப் போதிய இடம் தரவில்லை; அக்குறையை மாணவியர் தாமே நிரப்பினர். அங்குக் கல்லூரி முந்தியது, இல்லம் பிந்தியது.

தமிழில் இவ்வுறவை ஒரே சொல்லால் சுட்டுவது எளிதன்று. பேச்சு வழக்கில் அக்காள் உண்டு, தங்கை உண்டு. மூப்பு இளமை கருதாத பொதுச்சொல் அரிது. விடுதிகளில் மூத்த மாணவியை ‘அக்கா’ என்றழைக்கும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. அவ்விளியில் அன்போடு ஓர் அடுக்கும் உள்ளது.

முன்மாதிரிகள்: நாகர்கோவிலும் உடுவிலும்

பாளையங்கோட்டைக்கு முன்னரே தெற்கில் இரு முன்மாதிரிகள் இருந்தன. நாகர்கோவிலில் 1819இல் தொடங்கிய பெண்கள் பள்ளியில் கல்வியோடு ரேந்தைப் பின்னலும் கற்பிக்கப்பட்டது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமியர் சிலர் அவ்வருவாயைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் எனச் சமயப் பணியாளர் குறிப்புகள் கூறுகின்றன. அங்குப் பணியாற்றிய மால்ட் தம்பதியரின் மகள் எலைசாவே, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபின் அங்கும் பெண்கல்வியையும் ரேந்தைத் தொழிலையும் வளர்த்தவர்.

யாழ்ப்பாணத்து உடுவிலில் ஹேரியட் வின்ஸ்லோ 1824இல் தொடங்கிய உறைவிடப் பள்ளியின் போக்கு வேறு. மாணவியின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர் அவளுக்கு இடப்படுவதுண்டு. படிப்பை முடித்துக் கிறித்தவரை மணப்போர்க்குப் பள்ளியே சீதனமும் அளித்தது. பெற்றோரின் கடமையையும் உரிமையையும் பள்ளி ஒருசேர எடுத்துக்கொண்டது என்பதே இதன் பொருள். அறிவொளி பரப்பிய நிறுவனம் என்று மட்டும் இதனைப் போற்றிச் செல்லும் கட்டுரைகள் இக்கூறினைத் தொடாமல் விடுகின்றன.

பாளையங்கோட்டை

ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் ஊர்ப்பள்ளிகள் பெருகின. ஆயின் சிறுமியர்க்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியர் வேண்டும். அவர்களை உருவாக்கப் பயிற்சி வேண்டும். நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி போன்ற தேரிக்காட்டு ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்து பயில்வது இயலாது. திருநெல்வேலிக்கு இருப்புப்பாதை வந்ததே 1876இல்தான். தாமிரபரணியின் தென்கரையைச் சார்ந்த அவ்வூர்களிலிருந்து பாளையங்கோட்டையை அடைய ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை என்பதும் சிறு வாய்ப்பன்று. எனவே ஆசிரியைப் பயிற்சி என்றாலே உறைவிடம் என்றாயிற்று.

அதற்கு வாய்த்த பெயர் சாராள் தக்கர். சென்னையில் திருச்சபைத் தொண்டுக் கழகத்தின் செயலராக இருந்த ஜான் தக்கரின் உடன்பிறந்தாள் அவர். தென்னிந்தியச் சமயப்பணி பற்றி நூல் எழுதியவர். இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. அவர் நினைவாக எழுந்த பயிற்சி நிறுவனமே படிப்படியாக வளர்ந்து 1895இல் கல்லூரியாயிற்று. தான் கண்டிராத பெண்களுக்கு ஒரு தங்கை தன் பெயரைத் தந்தாள் என நயம்பட உரைப்போர் உளர். பெயர் ஒருவருடையது, உழைப்பு வேறு பலருடையது என்பதை அந்நயம் மறைத்துவிடக் கூடாது. சிற்றூர்ப் பள்ளிகளில் தனித்து நின்று பாடம் சொன்ன தமிழ் ஆசிரியைகளே அந்நிறுவனத்தின் பயனை நிலைநாட்டியவர்கள்.

ஆக, அமெரிக்க வரிசை இங்குத் தலைகீழாயிற்று. இல்லம் முந்தியது, அதன்மேல் கல்லூரி எழுந்தது. இவ்வேறுபாடு வெறும் காலமுறை பற்றியது அன்று. தாமே கட்டிய இல்லத்தில் மாணவியர் விதி வகுத்தனர். பிறர் கட்டிய இல்லத்தில் மாணவியர்க்கு விதி வகுக்கப்பட்டது.

பந்தியும் சாதியும்

எனினும் சொராரிட்டியைத் தன்னுரிமையின் வடிவமாகவும் சமயப்பணி உறைவிடத்தைக் கட்டுப்பாட்டின் வடிவமாகவும் பிரிப்பது பொருந்தாது. சொராரிட்டி தன் உறுப்பினரைத் தானே தேர்ந்தது; அத்தேர்வு கறுப்பினப் பெண்களை வெளியே நிறுத்தியது. அவர்கள் 1908இல் ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் ‘ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா’வைத் தனியே நிறுவ நேர்ந்தது.

தமிழகத்து உறைவிடத்தின் சிக்கல் சேர்க்கையில் முடியவில்லை, உணவறையிலும் தொடர்ந்தது. யார் சமைப்பது, யாரோடு அமர்ந்து உண்பது என்பன திருச்சபைக்குள் நெடுங்காலம் நீடித்த பூசல்கள். 1850இல் சென்னைச் சமயப் பணியாளர் மாநாடு வெளியிட்ட சாதி பற்றிய அறிக்கை, சேர்ந்து உண்ண மறுப்பதைச் சாதிப்பற்றின் அடையாளமாகக் கொண்டது. இத்தகைய சூழலில் ஒரே கூரையின்கீழ் ஒரே உலையில் வெந்த சோற்றை உண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்வது சிறுமியர்க்குப் பாடநூலினும் வலிய கல்வியாக அமைந்திருக்க இடமுண்டு. வாய்ப்பு அவர்கள் கேட்டுப் பெற்றதன்று, மேலிருந்து விதிக்கப்பட்டது. அதனாலேயே விடுமுறைக்கு ஊர் திரும்பிய பெண் எந்த வழக்கத்தைக் கைக்கொண்டாள் என்னும் வினா முக்கியமாகிறது. இதற்கு விடைகாண, இங்கிலாந்துக் கொடையாளரை முன்னிறுத்தி எழுதப்பட்ட ஆண்டறிக்கைகள் போதா. ‘நற்போதகம்’ போன்ற உள்ளூர்த் தமிழ் இதழ்கள், ஊர்ச்சபைகளின் திருமணப் பதிவேடுகள், பழைய மாணவியர் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் கடிதங்கள், பாட்டிமார் சொல்லக்கேட்ட விடுதிக் கதைகள் ஆகியவற்றை ஒருங்குவைத்து ஆராய்தல் வேண்டும். இவற்றுள் வாய்மொழித் தரவுகளைத் திரட்டும் பணியே முதலில் தொடங்கத்தக்கது. ஏடுகள் காத்திருக்கும், பாட்டிமார் காத்திரார்.