நாய்க்குப் பழம் கொடுக்கலாமா?

ஓணம் வந்தால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது. கடைகளில் நேந்திரங்குலைகள் தொங்கும். பாயசத்துக்கு முந்திரியும் உலர்ந்த திராட்சையும் வாங்குவார்கள். மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டு முடித்ததும், வாசலில் நாய் வாலை ஆட்டி நிற்கும். "பாவம், அதுக்கும் ஓணம்தானே" என்று மிச்சப் பாயசத்தை அதன் தட்டில் ஊற்றுவார்கள்.

அன்பாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் பாயசத்தில் கிடக்கும் திராட்சை நாயைக் கொன்றுவிடலாம்.

பச்சைத் திராட்சை, கறுப்புத் திராட்சை, உலர்ந்த திராட்சை எல்லாம் ஒன்றுதான். நெய்யில் வறுத்தாலும் நஞ்சு போகாது. தின்ற நாய் முதலில் வாந்தி எடுக்கும். சோர்ந்து படுக்கும். தீனியைத் தொடாது. ஓரிரு நாளில் சிறுநீரகம் கெடலாம். மூத்திரம் குறைந்து, நின்றே போகலாம். அப்புறம் பிழைப்பது கடினம்.

"எங்கள் நாய் போன வருஷமும் தின்றதே, ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் உண்மைதான். ஒரு நாய் நிறையத் தின்றும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று கொஞ்சம் தின்றே சாகும். எந்த நாய்க்கு ஆகும், எதற்கு ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒன்றுகூட வேண்டாம்.

காரணம் என்ன? திராட்சையில் டார்டாரிக் அமிலம் என்ற புளிப்புப் பொருள் இருக்கிறது. கெடுதல் செய்வது அதுவாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். நம் வீட்டுப் புளியிலும் அதே பொருள்தான் இருக்கிறது! ஆகவே புளியிஞ்சி, சாம்பார், புளியோதரை மிச்சமும் நாய்த் தட்டுக்குப் போகக் கூடாது.

அப்படியானால் பழமே கூடாதா? கொடுக்கலாம். தோல் உரித்த வாழைப்பழம் இரண்டு மூன்று துண்டு போதும். பப்பாளி, தர்பூசணி என்றால் விதையும் தோலும் நீக்க வேண்டும். மாம்பழத்தின் சதையை மட்டும் நறுக்கிப் போடுங்கள். கொட்டையை நாய் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டி வரும். எந்தப் பழமும் வயிறு நிறைய வேண்டாம். அதில் சர்க்கரை இருக்கிறது.

திராட்சையைத் தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உப்புக் கரைத்த தண்ணீரை வாயில் ஊற்றுவார்கள் சிலர். அது வேறு ஆபத்து. உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, சுமார் எவ்வளவு தின்றது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.